எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர்கள்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வண்ணம் பூச வந்தவர், வாசல் நிலைக்கு மேலே உப்புப் பூத்துப் பொரிந்து கிடந்த பழைய பூச்சைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, நீல வண்ணத்துக்கு அடியில் கறுப்பு எழுத்துகள் தெரிந்திருக்கின்றன. அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டுத் தலைமை ஆசிரியையை அழைத்திருக்கிறார். டீச்சர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் போய்ப் பார்த்தபோது சுவரில் 'யூனியன் ஆரம்பப் பாடசாலை' என்ற அளவு வரை தெளிவாகப் படிக்க முடிந்தது. கடைசி எழுத்தான 'லை', இப்போது நாம் எழுதுவதுபோல் இல்லாமல், யானைத் துதிக்கைபோல மேலே வளைந்து ஏறிய பழைய வடிவத்தில் இருந்தது.

அந்த ஓர் எழுத்தே அந்தப் பெயர்ப் பலகைக்கு ஏறக்குறைய வயது சொல்லிவிடுகிறது. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை வெளியிட்ட பிறகுதான் துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை எல்லாம் பாடநூல்களிலிருந்தும் பலகைகளிலிருந்தும் மறைந்தன. மறுபக்கம், பஞ்சாயத்து யூனியன் என்ற அமைப்பு 1958-ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின் வழியாக 1960, 1961 ஆண்டுகளில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அந்த எழுத்துகளை எழுதியவர், பெரும்பாலும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே ஏதோ ஓர் ஆண்டில், ஏணி வைத்து ஏறி நின்று அந்தப் பெயரை எழுதியிருக்க வேண்டும். நான் அந்தப் பள்ளியில் சேர்ந்ததும் அந்தக் காலத்துக்குள்தான். அந்த எழுத்துகளுக்குக் கீழே நடந்துதான் நான் ஐந்து ஆண்டுகள் உள்ளே போய் வந்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரை அதற்கு முன் ஒருமுறைகூட நிமிர்ந்து படித்ததாக நினைவில்லை.

ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. என் தந்தையாருக்கு அது போர்டு ஸ்கூல். எனக்கும் அது போர்டு ஸ்கூல்தான். இன்று அங்கே மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமியின் பாட்டியும், "போர்டு ஸ்கூலுக்குப் போய்ப் பேத்திய அழைச்சிக்கிட்டு வந்துடறேன்" என்றுதான் சொல்கிறார். மாவட்டத்து உள்ளாட்சி அமைப்பாக இருந்த ஜில்லா போர்டு கலைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அது என்ன என்று கேட்டால் அந்தப் பாட்டிக்குச் சொல்லத் தெரியாது. அமைப்பு போனபின்னும் ஊராரின் வாயில் அதன் பெயர் மட்டும் தங்கிவிட்டிருக்கிறது.

ஆண்டு விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதித் தரும்படி டீச்சர் கேட்டுக்கொண்டார். அதற்காகப் பள்ளிப் பீரோவின் அடித்தட்டில் துணியில் கட்டி வைத்திருந்த பழைய சேர்க்கைப் பதிவேடுகளை நான்கு நாள்கள் உட்கார்ந்து புரட்டினேன். மிகப் பழையதில் தாளின் விளிம்புகள் தொட்டால் உதிர்கின்றன. முதல் பக்கத்தில் ஊதா மையில் வட்ட முத்திரை ஒன்று இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது 'டிஸ்ட்ரிக்ட் போர்டு எலிமெண்டரி ஸ்கூல்' என்று வளைத்து எழுதிய ஆங்கில எழுத்துகளையும் நடுவில் ஊரின் பெயரையும் கண்டேன். அடுத்த பதிவேட்டில் பஞ்சாயத்து யூனியன் முத்திரை. அதற்கடுத்ததில் தமிழில் ஊராட்சி ஒன்றியத் துவக்கப் பள்ளி. பிறகு தொடக்கப் பள்ளி. இப்போது எல்லாம் கணினிக்குள் போய்விட்டதால், முத்திரையைவிட முக்கியமாகிவிட்டது 33 என்று தொடங்கும் பதினோரு இலக்க எண். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியை எடுத்தாலும் அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 33தான்.

இந்தப் பெயர் மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பணம் யார் கொடுத்தார்கள், பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இருப்பதை அந்த நான்கு நாள்களில்தான் சரியாக உணர்ந்தேன். 1884-ஆம் ஆண்டுச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று அடுக்குகளை உண்டாக்கி, சாலை, சத்திரம், மருத்துவமனை ஆகியவற்றோடு ஆரம்பக் கல்வியையும் அவற்றின் பொறுப்பில் விட்டது. 1920-இல் வந்த சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம், உள்ளூர் அமைப்புகள் கல்விக்கென்று தனி வரி விதிப்பதற்கு வழி செய்தது. 1934-இல் தாலுகா போர்டுகளைக் கலைத்தபோது அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டின் கைக்கு வந்தன. ஆக, 'போர்டு' என்ற சொல்லில் நிலவரியோடு சேர்த்து எங்கள் பாட்டனார் காலத்தவர்கள் கட்டிய பணம் இருக்கிறது. அது ஓர் அரசனோ தனவந்தரோ தந்த கொடை அன்று. மாவட்டத்து மக்கள் செலுத்திய வரியில் நடந்த பள்ளி என்பதற்கு அந்தப் பெயரே சாட்சியாக நிற்கிறது.

அதற்கு முன் எங்கள் ஊரில் படிப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1822-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு கலெக்டரும் தம் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தக் கணக்குகளைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருப்பதாகவும், அது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்றும் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் மிகப் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அவற்றுக்குப் பலகையும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி விரலால் அரி ஓம் எழுதவைத்து, எண்சுவடியையும் ஆத்திசூடியையும் மனப்பாடம் செய்யவைத்த வாத்தியாரின் பெயராலோ, அவர் உட்கார்ந்த திண்ணைக்கு உரியவரின் பெயராலோதான் ஊரார் அவற்றைச் சொன்னார்கள். வாத்தியார் வேறு ஊருக்குப் போனால் பள்ளியும் போய்விடும். ஓர் ஆசிரியர் மாறினாலும் பள்ளி அங்கேயே நிற்கும் என்ற நிலை, பள்ளிக்கு ஓர் அமைப்பின் பெயர் வந்த பிறகே உறுதியாயிற்று. போர்டு ஸ்கூல் என்ற பெயரை நான் மதிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

1960-களில் ஜில்லா போர்டுகள் மறைந்து, அவற்றின் ஆரம்பப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன்களிடம் வந்தன. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் இடமாற்றம் செய்வதும் யூனியன் அலுவலகத்தின் வேலையாக இருந்தது. 1981 ஜூன் 1 முதல் அந்த ஆசிரியர்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பிறகு தொடக்கக் கல்விக்கென்று தனி இயக்ககமும் வந்தது. கட்டடமும் இடமும் இன்றும் ஒன்றியத்தின் கணக்கில் இருக்கின்றன, உள்ளே பாடம் நடத்துபவர்கள் அரசின் ஊழியர்கள். பலகையில் 'ஊராட்சி ஒன்றியம்' என்றே இருப்பதால், இது அரசுப் பள்ளிதானா என்று இன்றும் சில பெற்றோர் கேட்பதாக டீச்சர் சொன்னார். அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறதாம். கேள்வி நியாயமானது. ஒன்றியப் பள்ளியும் அரசுப் பள்ளியே.

சொற்கள் மாறியதற்கும் ஒரு கதை உண்டு. பஞ்சாயத்து யூனியன் ஊராட்சி ஒன்றியம் ஆனதும், ஆரம்பம் தொடக்கம் ஆனதும், பாடசாலை பள்ளி ஆனதும் தமிழ்ச் சொற்களை ஆட்சிமொழிக்குள் கொண்டுவந்த முயற்சியின் பயன்கள். இவற்றுள் 'பள்ளி' புதிய சொல் அன்று. மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில், சமண முனிவர்க்காகச் செய்துகொடுத்த குகைப் படுக்கைகளை ஒட்டி, கி.மு. காலத்துத் தமிழி எழுத்துகளில் பொறித்த கல்வெட்டுகளிலேயே அந்தச் சொல் இருக்கிறது. துறவியர் தங்கிய இடத்தில் பிள்ளைகள் படிக்கப் போனதால் கற்கும் இடத்துக்கே அந்தப் பெயர் வந்தது என்று அறிஞர்கள் சொல்வார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சொல் எங்கள் ஊர்ச் சுவருக்கு வந்து சேர்ந்தபோது, ஊர் அதைப் புதுப்பெயர் என்று நினைத்தது.

இதுவரை எழுதியது எளிதாக எழுத முடிந்தது. இனி எழுதப்போவதற்காகவே நான் இந்தப் பதிவைத் தொடங்கினேன்.

எங்கள் ஊரில் இன்னொரு பள்ளியும் இருக்கிறது. போர்டு ஸ்கூலிலிருந்து வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனால் பத்து நிமிடங்கூட ஆகாது. ஒரே ஊருக்கு ஏன் இரண்டு ஆரம்பப் பள்ளிகள் என்று சிறுவனாக இருந்தபோது நான் யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. அந்தப் பள்ளியை எங்கள் தெருவில் லேபர் ஸ்கூல் என்று சொல்வார்கள். தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று நானாகவே பொருள் செய்துகொண்டிருந்தேன்.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அரசு, தாழ்த்தப்பட்ட மக்களின் நலனுக்காக லேபர் கமிஷனர் என்ற அதிகாரியை நியமித்தது. மனைக்கட்டு வாங்கித் தருவது, குடிநீர்க் கிணறு வெட்டுவது, கூட்டுறவுச் சங்கம் அமைப்பது ஆகியவற்றோடு பள்ளி நடத்துவதும் அந்தத் துறையின் பணி. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று அரசாணை இருந்தாலும், அக்கிரகாரத்தின் நடுவிலும் கோயில் வீதியிலும் இருந்த பள்ளிகளுக்குள் சேரிப் பிள்ளைகளை விடவில்லை. அதனால் சேரிக்குள்ளேயே லேபர் துறை பள்ளி திறந்தது. எங்கள் தஞ்சை ஜில்லாவில் அப்படி வந்தவையே லேபர் ஸ்கூல்கள். அதற்கு முன்பு இத்தகைய பள்ளிகளைப் பஞ்சமர் பள்ளிகள் என்று குறித்தார்கள். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் சென்னையில் 1894-இல் தொடங்கிய இலவசப் பள்ளிக்கும் அந்தப் பெயர்தான் இருந்தது. 1922-இல் தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் அரசு ஆவணங்களில் பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்று எழுத ஆணை வந்தது. பிறகு 1949-இல் ஹரிஜன நலத் துறை தனியாக அமைந்தபோது இந்தப் பள்ளிகள் ஹரிஜன நலப் பள்ளிகள் ஆயின. அந்தச் சொல்லை அந்த மக்களே ஏற்காமல் தொடர்ந்து எதிர்த்தார்கள். இன்று ஆதி திராவிடர் நலப் பள்ளி.

எண்ணிப் பார்த்தால் போர்டு ஸ்கூலின் பெயர் மாறியபோதெல்லாம் மாறியது நிர்வாகத்தின் பெயர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் பெயர் மாறியபோதெல்லாம் மாறியது, உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நாடு எந்தச் சொல்லால் அழைத்தது என்பது. எங்கள் பள்ளியின் பெயர் எங்களைப் பற்றி எதுவுமே சொன்னதில்லை. அவர்களுடைய பள்ளியின் பெயர், ஐந்து வயதுப் பிள்ளையின் பதிவுத்தாளில் தொடங்கி அது போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போனது.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரும் என்னைப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதித்தார். அங்கே மிஞ்சியிருப்பவற்றில் பழையது 1950-களைச் சேர்ந்தது. 'நீங்கியதற்குக் காரணம்' என்ற கட்டத்தை நான் ஒரு பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாகப் படித்தேன். பண்ணை வேலை. பண்ணை வேலை. மாடு மேய்க்க. குடி பெயர்ந்தது. பண்ணை வேலை. எழுதியவருடைய கையெழுத்து அச்சு வார்த்ததுபோல் அழகானது. ஒரே மாதிரியான அந்தச் சொற்களை அவர் ஒருமுறைகூடச் சுருக்கி எழுதவில்லை, மேற்படி என்று குறியிடவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுதாக எழுதியிருக்கிறார். நீங்கிய வகுப்பு பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. அந்தப் பண்ணைகளில் எங்கள் குடும்பத்துக்கு உரியதும் ஒன்று. அந்தப் பக்கத்துக்கு மேல் என்னால் அன்று படிக்க முடியவில்லை.

அந்தப் பள்ளியில் படித்த, என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அம்மாவிடம், உங்கள் தெருவில் பள்ளியை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "லேபர் ஸ்கூலுங்கறது நீங்கள்லாம் சொல்றது தம்பி. நாங்க வாத்தியாரய்யா பள்ளிக்கூடம்னுதான் சொல்வோம்," என்றார். அவருடைய காலத்தில் அங்கேயே கூரைவீடு போட்டுத் தங்கி, மாலையில் விளக்கேற்றி வைத்துப் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்திருக்கிறார். பஞ்சமர், லேபர், ஹரிஜன், ஆதி திராவிடர் என்று அரசு நான்கு பெயர்களை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த காலம் முழுவதும், அந்தத் தெருவுக்குள் அதற்கு ஒரே பெயர் இருந்திருக்கிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வாழ்ந்த எனக்கு அது இந்த வயதில்தான் தெரிகிறது.

பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தைப் பற்றி இப்போது நாடெங்கும் பேச்சு நடக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையில், பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க வேண்டும், ஆதி திராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைத்து அரசுப் பள்ளி என்றே அழைக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார். அதே ஆண்டு நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில், ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பெயரோடு ஒட்டியிருந்த 'அரிசன் காலனி' என்ற சொற்களை, ஊர்க்காரர்களின் நீண்ட கால முயற்சிக்குப் பிறகு, கல்வி அமைச்சரே நேரில் சென்று அழித்தார். காலனி என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

பலகையிலிருந்து அந்தச் சொற்கள் போக வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஒரு பிள்ளையின் பதிவுத்தாளில் பள்ளியின் பெயர் அதன் சாதியைச் சொல்லக் கூடாது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பெயரை மாற்றவும் அவற்றை இணைக்கவும் எதிர்ப்பு எழுந்ததையும் நான் கவனித்தேன். சில சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற அநீதியை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920-இல் உயிரைக் கொடுத்த மக்களின் பிள்ளைகளுக்காக வந்த பள்ளிகள் அவை. பெயர் போனால் பள்ளிக்கும் அதன் சொத்துக்கும் உள்ள உரிமையும் போய்விடுமோ என்ற அவர்களுடைய அச்சத்தை, வெளியிலிருந்து ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த உரிமைகளை எழுத்தில் உறுதி செய்துவிட்டுப் பெயரை மாற்றுவது முறையாக இருக்கும்.

மலருக்கான கட்டுரையில் இரண்டு பள்ளிகளின் வரலாற்றையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். விழாக் குழுவில் ஒருவர், நம் பள்ளியின் மலரில் அந்தப் பள்ளியைப் பற்றி எதற்கு என்று கேட்டார்; பழையதைக் கிளறுவதாக இன்னொருவர் வருந்தினார். போர்டு ஸ்கூல் தன் கதவை அன்றே முழுதாகத் திறந்து வைத்திருந்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பள்ளி வந்திருக்காது, ஆகவே அதை விட்டுவிட்டு இதன் வரலாற்றை எழுத முடியாது என்று சொன்னேன். டீச்சர் என் பக்கம் நின்றார். கட்டுரை முழுதாக வருகிறது. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் காலத்தில் எங்கள் ஊரார் கொடுத்த பெஞ்சுகளையும் கடிகாரத்தையும் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். இடம் போதாததால் அதை நானே எடுத்துவிட்டேன். உபயம் செய்தவர்களின் பெயர்கள் எப்படியும் பெஞ்சுகளில் இருக்கின்றன.

வாசல் நிலைக்கு மேலே புதுவண்ணம் பூசியாகிவிட்டது. பூசுவதற்கு முன் அந்தப் பழைய 'லை' உள்பட எல்லா எழுத்துகளையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டு பள்ளிகளின் பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கும் வேலையை ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் நானும் சனிக்கிழமைகளில் செய்கிறோம். வாத்தியாரய்யா பள்ளிக்கூடத்தின் முதல் பதிவேடு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளத்தில் நனைந்து போயிற்று என்கிறார்கள். அந்த முதல் ஆண்டுகளில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை இப்போது அந்தத் தெருவின் முதியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். இதுவரை பதினேழு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. தஞ்சைப் பக்கத்து லேபர் ஸ்கூல்களில் படித்த பெற்றோரோ தாத்தா பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய பதிவுத்தாள் பெட்டியின் அடியில் எங்காவது கிடக்கும். எடுத்து ஒரு படம் பிடித்து வையுங்கள். பள்ளியை அவர்கள் என்ன பெயரால் சொன்னார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டு, பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.